கோலமும் கணிப்பொறியும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

"கணிப்பொறி" என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருடைய மனத்தில் ஓர் அச்சம் எழுகிறது. அது பட்டணத்துப் பிள்ளைகளுக்கு உரியது, ஆங்கிலம் சரளமாகப் பேசுவோர்க்கு உரியது, கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குவோர்க்கு உரியது என்று எண்ணி ஒதுங்கி நிற்கிறோம். கொல்லிமலை ஊர்களிலிருந்து வந்து படிக்கும் எங்களுக்கு இந்த அச்சம் இன்னும் சற்று அதிகம். பொதுத்தேர்வு முடிந்ததும், பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவை எடுப்பது என்ற கேள்வி எங்கள் முன் வந்து நிற்கும். "கணிப்பொறிப் பிரிவெல்லாம் உனக்கு வருமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் "வராது" என்று நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறோம்.

ஆனால் அப்படிச் சொல்லும் அதே பெண், மார்கழி விடியலில் வாசல் தெளித்து, ஏழு புள்ளி வைத்து, ஒரு புள்ளியும் தப்பாமல் கம்பி இழுத்துக் கோலத்தை முடித்து எழுகிறாள். தாளில் வரைந்து பார்ப்பதில்லை, அளவுகோலும் இல்லை. அந்தக் கோலத்தை அவள் எப்படி நினைவில் வைத்திருக்கிறாள்? இக்கேள்வியைக் கேட்டவர்கள் உண்டு. தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றின் பேராசிரியர்கள் அவர்கள். அவர்கள் கண்டறிந்த விடை, கோலம் போடும் அறிவும் கணிப்பொறிக்கு நிரல் எழுதும் அறிவும் உடன்பிறந்தவை என்பதை நமக்கு விளக்குகிறது. அதனைப் படிப்படியாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையில் பிறந்த பொறிப்பாவை

நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலை, கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை. சங்கப் புலவர்கள் இம்மலையைப் பாடும்போது தேனையும் பலாவையும் மட்டும் பாடவில்லை. "கொல்லிப்பாவை" என்ற ஒரு பாவையையும் பாடினார்கள். நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகிய நூல்களில் அப்பாவை பேசப்படுகிறது. அது தெய்வம் அமைத்த பாவை என்றும், காற்றும் மழையும் இடியும் தாக்கினாலும் அழகு குன்றாதது என்றும் அப்புலவர்கள் பாடினார்கள். பிற்காலத்தில் வழங்கிய கதை இன்னும் வியப்பானது. தீயோர் நெருங்கும் ஓசை கேட்டால் அப்பாவை தானே அசைந்து, சிரித்து, மயக்கி, அவர்கள் உயிரைப் பறித்துவிடுமாம். இன்றும் இம்மலையில் உள்ள எட்டுக்கை அம்மனைக் கொல்லிப்பாவையோடு இணைத்துப் பேசுவோர் உண்டு.

கதை உண்மையா என்று ஆராய்வது நம் வேலை அன்று. கதைக்குள் இருக்கும் எண்ணத்தைப் பாருங்கள். "தீயோர் வந்தால் சிரி, வராவிட்டால் அசையாமல் இரு." உயிரில்லாத ஒரு பொறிக்கு முன்கூட்டியே கட்டளை இட்டு வைக்கலாம், அது ஆள் இல்லாமலே அக்கட்டளைப்படி நடக்கும் என்று நம் முன்னோர் கற்பனை செய்திருக்கிறார்கள். கணிப்பொறி என்ற சொல்லின் பின்பாதியும் "பொறி" என்பதுதானே! கொல்லிமலைக்குப் பொறி என்பது அந்நியமான சொல் அன்று.

நிரல் என்றால் என்ன?

கணிப்பொறி மிக விரைவாக வேலை செய்யும். ஆனால் தானாக ஒன்றையும் அறியாது. அது செய்ய வேண்டியதை ஒன்றன்பின் ஒன்றாக, ஐயத்திற்கு இடமின்றி எழுதித் தர வேண்டும். அப்படி எழுதும் கட்டளைத் தொடருக்கே "நிரல்" என்று பெயர். எத்தனை பெரிய நிரலாயினும் அதனைப் பிரித்துப் பார்த்தால் மூன்று அடிப்படைகளே இருக்கும்.

முதலாவது, வரிசை. கேழ்வரகுக் களி கிண்டுவதை எண்ணிப் பாருங்கள். முதலில் உலை கொதிக்க வேண்டும். பிறகு மாவைப் போட வேண்டும். பிறகு துடுப்பால் கிண்ட வேண்டும். பொருள்கள் அவையே ஆயினும் வரிசை மாறினால் களி கட்டி தட்டிப் போகும். நிரலும் அப்படியே.

இரண்டாவது, நிபந்தனை. "மழை வந்தால் காயப்போட்ட மிளகை உள்ளே எடு, வராவிட்டால் மாலை வரை காய விடு" என்று அம்மா சொல்லிவிட்டுப் போகிறார் அல்லவா? கொல்லிப்பாவைக்கு இட்ட கட்டளையும் இவ்வகைதான்.

மூன்றாவது, மீளச் செய்தல். காரவள்ளி அடிவாரத்திலிருந்து நம் மலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பேருந்து பெரும்பாலும் ஒரு முறை வலப்புறம், ஒரு முறை இடப்புறம் என்று மாறி மாறித் திரும்புகிறது. இதனை ஒரு பொறிக்குச் சொல்ல எழுபது வரி எழுத வேண்டுமா? "சாலை வழியே செல், வலம் திரும்பு, சாலை வழியே செல், இடம் திரும்பு, இதனை 35 முறை செய்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். சிறிய கட்டளையால் பெரிய வேலையை வாங்கும் இந்த வழியே நிரல் எழுதுவோரின் பெரிய கருவி.

தறி காட்டிய வழி

கணிப்பொறி வருவதற்கு முன்பே இந்த எண்ணம் பயனுக்கு வந்தது அலுவலகத்தில் அன்று. நெசவுத் தறியில் என்றால் வியப்பாக இருக்கும். பிரான்சு நாட்டில் ழாக்கார் என்பவர் 1800-களின் தொடக்கத்தில், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலைத் துணி நெய்யும் தறி அமைப்பை உருவாக்கினார். அட்டையில் துளை இருந்தால் ஒரு வகை, இல்லாவிட்டால் மற்றொரு வகை என்று நூல்கள் உயர்ந்தன. அட்டைகளை மாற்றினால் பூவும் மாறும். இன்றும் பட்டு நெசவாளர்கள் "ஜக்கார்டு" என்று சொல்வது அவர் பெயரையே.

இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்னும் அறிஞர் அவ்வட்டைகளைக் கொண்டே கணக்கிடும் ஒரு பெரும் இயந்திரத்தைத் திட்டமிட்டார். அது கட்டி முடிக்கப்படவே இல்லை. ஆயினும் ஏடா லவ்லேஸ் என்ற பெண்மணி 1843-ஆம் ஆண்டு அவ்வியந்திரத்தைப் பற்றி விரிவான குறிப்புகள் வெளியிட்டார். ஒரு குறிப்பிட்ட வகை எண்களை அது எவ்வாறு கணக்கிடும் என்று படிப்படியாக அட்டவணையிட்டுக் காட்டினார். உலகின் முதல் நிரல் என்று பலரும் போற்றுவது அதனையே. தறி பூக்களை நெய்வது போல இவ்வியந்திரம் கணிதக் கோலங்களை நெய்யும் என்ற கருத்தையும் அவர் எழுதினார். எண்களுக்கு மட்டுமன்றி இசைக்கும் அது பயன்படலாம் என்றும் கண்டார். ஆக, நிரல் எழுதும் கலை பிறக்கும்போதே நெசவோடும் இசையோடும் அழகோடும் சேர்ந்தே பிறந்தது.

வகுப்பில் ஒரு பயிற்சி

கணிப்பொறி இல்லாமலே நிரல் எழுதக் கற்க முடியுமா? முடியும். எங்கள் வகுப்பில் நாங்கள் செய்த பயிற்சியை எல்லா வகுப்பினரும் செய்யலாம்.

கரும்பலகையில் வரிசைக்கு மூன்றாக ஒன்பது புள்ளிகள் வையுங்கள். ஒரு மாணவி கையில் சாக்பீசுடன் பலகை அருகே நிற்கட்டும், அவளே "பொறி". மற்றொருத்தி ஒரு சிறு கோலத்தைத் தாளில் வைத்துக்கொண்டு, பலகைக்கு முதுகு காட்டி நின்று, வாயால் மட்டும் கட்டளை சொல்லட்டும். பொறியாக நிற்பவள் சொன்னதை மட்டுமே செய்ய வேண்டும்; தானாக எதையும் ஊகிக்கக் கூடாது.

"கோடு போடு" என்றால், எங்கிருந்து? "திரும்பு" என்றால், எந்தப் பக்கம்? "வலப்பக்கம்" என்றால், வரைபவளின் வலமா, பார்ப்பவளின் வலமா? "நேராகப் போ" என்று சொல்லி "நிறுத்து" என்று சொல்லாவிட்டால், சாக்பீஸ் பலகையைக் கடந்து சுவருக்குப் போய்விடும்! வகுப்பே சிரிக்கும். ஆனால் அந்தச் சிரிப்பின் முடிவில் மூன்று விதிகள் எல்லாருக்கும் மனத்தில் பதிந்துவிடும். தொடங்கும் இடத்தைச் சொல். திசையைச் சொல். எதுவரை என்று சொல்.

இப்பயிற்சியில் யார் சிறந்து விளங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கணக்கில் முதல் மதிப்பெண் வாங்குவோர் மட்டும் அல்லர். வீட்டில் நாள்தோறும் கோலம் போடும் தோழியர், "இரண்டு புள்ளி தாண்டி வலமாக வளை, ஒரு புள்ளியைச் சுற்று" என்று தடையின்றிச் சொன்னார்கள். அவர்கள் வாயில் கட்டளை முன்பே இருந்தது. அதற்கு நிரல் என்ற பெயர் மட்டுந்தான் அவர்களுக்குப் புதிது.

விண்மீன் வரையும் நிரல்

கிறிஸ்து பிறப்புக் காலத்தில் நாம் கட்டும் ஐந்து முனை விண்மீனை எடுத்துக்கொள்வோம். கையை எடுக்காமல் ஒரே கோட்டில் அதனை வரையலாம் என்பது நமக்குத் தெரியும். அதையே ஒரு பொறிக்குச் சொல்வதானால் இவ்வளவே போதும்:

100 அளவு முன்னே செல்.
வலப்புறம் 144 பாகை திரும்பு.
இவ்விரண்டையும் 5 முறை செய்.

ஏன் 144? கோட்டைத் தொடங்கிய இடத்திற்கே வந்து, தொடங்கிய திசையையே பார்த்து நிற்க வேண்டுமானால், மொத்தம் திரும்பிய கோணம் 360-இன் மடங்காக இருக்க வேண்டும். விண்மீன் வரையும்போது நாம் இரண்டு முழுச் சுற்று சுற்றுகிறோம். இரண்டு சுற்றுக்கு 720 பாகை. அதனை ஐந்து முனைக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 144. எட்டு முனை விண்மீன் வேண்டுமா? மூன்று சுற்று, அதாவது 1080 பாகை. எட்டால் வகுத்தால் 135. சதுரத்திற்கு ஒரே சுற்று. நான்கால் வகுத்தால் 90. வடிவியல் பாடத்தில் மனப்பாடம் செய்த கோணங்கள் இங்கே உயிர் பெற்று நடக்கின்றன.

குழந்தைகள் இப்படிப் படம் வரைந்தே கணிப்பொறியைக் கற்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, 1967-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட் முதலியோர் "லோகோ" என்ற மொழியை உருவாக்கினார்கள். அதில் கட்டளைப்படி நகர்ந்து கோடு போடுவது ஓர் "ஆமை". அதே வழியில் வந்ததுதான் 2007-இல் வெளியான "ஸ்கிராட்ச்". நம் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் நாம் படிக்கும் ஸ்கிராட்ச் இதுவே. மேலே சொன்ன மூன்று வரிகளையும் அதில் கட்டைகளாக அடுக்கினால் திரையில் விண்மீன் தோன்றும்.

தாம்பரத்துப் பேராசிரியர்கள்

இனி, முன்னுரையில் கூறிய பேராசிரியர்களிடம் வருவோம். சென்னையை அடுத்த தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி உள்ளது. அங்கே கிஃப்ட் சிரோமணி புள்ளியியல் பேராசிரியராகவும், அவர் துணைவியார் ராணி சிரோமணி கணிதப் பேராசிரியராகவும் பணிபுரிந்தார்கள். ராணி சிரோமணியிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவர் கமலா கிருதிவாசன். இவர்கள் மூவரும் சேர்ந்து, கோலத்திற்கும் கணிப்பொறி இலக்கணத்திற்கும் உள்ள உறவைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை 1974-ஆம் ஆண்டு வெளிநாட்டு ஆய்வு இதழ் ஒன்றில் வெளிவந்தது. நம் வாசல் கோலம் உலகின் கணிப்பொறி அறிஞர்களின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது அவ்வாறுதான்.

அக்காலத்தில் கணிப்பொறி என்பது ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் இயந்திரம். நம் நாட்டில் அதனைக் கண்ணால் கண்டவரே சிலர். அத்தகைய நாளில் இப்பேராசிரியர்கள் விலையுயர்ந்த கருவிகளைத் தேடிப் போகவில்லை. வாசலில் குனிந்து பார்த்தார்கள். கோலம் போடும் பெண்களைக் கேட்டறிந்த கிஃப்ட் சிரோமணி ஓர் உண்மையைக் குறித்தார். கம்பிக் கோலம் போடுவோரில் பலர் அதனை ஒரு படமாக நினைவில் வைத்திருப்பதில்லை. நேரே செல்வது, வலமாகத் திரும்புவது, வலமாக முழுவதும் சுற்றி வருவது என்று, நடன அடிகளைப் போன்ற நகர்வுகளின் வரிசையாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதே அது. லோகோவின் ஆமைக்கு அறிஞர்கள் எழுதிய கட்டளையும், நம் பாட்டிமார் மனத்தில் வைத்திருக்கும் கட்டளையும் ஒரே வகையாக இருப்பதை எண்ணி எண்ணி மகிழலாம்.

மாணவியாக இருந்த கமலா கிருதிவாசன் பின்னர்ச் சென்னை ஐ.ஐ.டி.யில் கணிப்பொறி அறிவியல் பேராசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றி, அத்துறையின் தலைவராகவும் விளங்கினார். ராணி சிரோமணி முதுமையிலும் ஆராய்ச்சியை விடாமல் தொடர்ந்து, 2019-ஆம் ஆண்டு தம் 90-ஆம் வயதில் மறைந்தார். கிஃப்ட் சிரோமணி 1988-ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார்.

கோலத்திற்கும் இலக்கணம் உண்டு

"இலக்கணம்" என்றதும் நமக்குத் தமிழ் வகுப்பு நினைவுக்கு வரும். வாழை, பழம் என்ற இரு சொற்கள் சேர்ந்தால் "வாழைப்பழம்" ஆகும். இடையில் "ப்" வர வேண்டும் என்பது விதி. இந்த ஒரு விதியைக் கொண்டு பலாப்பழம், கொய்யாப்பழம் என்று எத்தனையோ சொற்களை நாம் பிழையின்றி உண்டாக்கலாம். சில விதிகளால் எண்ணற்ற சொற்களையும் தொடர்களையும் பிறப்பிப்பதே இலக்கணத்தின் ஆற்றல். 1950-களில் நோம் சாம்ஸ்கி என்ற மொழியியல் அறிஞர் இவ்வாற்றலைக் கணித முறையில் எழுதிக் காட்டினார். கணிப்பொறி மொழிகளும் அவ்வடிப்படையில் வளர்ந்தன.

சொற்களுக்கு இலக்கணம் உண்டென்றால் படங்களுக்கு ஏன் இருக்கக் கூடாது? சிரோமணி குழுவினர் கேட்ட கேள்வி இதுதான். அவர்கள் வகுத்த முறைகளுள் ஒன்றின் சாரம் இது: முதலில் மேல் வரிசையைக் குறுக்காக எழுது, பிறகு அவ்வரிசையின் ஒவ்வோர் எழுத்திலிருந்தும் கீழ்நோக்கி ஒரு பத்தியை வளர்த்துக்கொண்டு போ.

எளிய எடுத்துக்காட்டு ஒன்று நாமே அமைத்துப் பார்ப்போம். "அ" என்றால் புள்ளி. "ஆ" என்றால் வெற்றிடம். மேல் வரிசை இது:

அ ஆ அ ஆ அ

விதிகள் இரண்டு: "அ"வுக்குக் கீழே "ஆ" வரும்; "ஆ"வுக்குக் கீழே "அ" வரும். விதிப்படி வளர்த்தால்:

அ ஆ அ ஆ அ
ஆ அ ஆ அ ஆ
அ ஆ அ ஆ அ

"அ" உள்ள இடங்களில் மட்டும் புள்ளி வைத்துப் பாருங்கள். நாம் நாள்தோறும் வைக்கும் இடைப்புள்ளி வந்துவிட்டது! மூன்று வரிசையோடு நிறுத்தினாலும், முந்நூறு வரிசை வளர்த்தாலும் விதிகள் இரண்டே. சிறிய கோலத்தைக் கற்ற பெண், அதே கோலத்தைத் திருவிழா நாளில் தெருவையே அடைக்கும் அளவுக்குப் பெரிதாகப் போடுவது இப்படித்தான். அவள் புதிதாக மனப்பாடம் செய்வதில்லை. தெரிந்த விதியையே மேலும் சில முறை பயன்படுத்துகிறாள்.

தாம்பரத்தில் தொடங்கிய இவ்வாராய்ச்சி வெளிநாடுகளிலும் பரவியது. மார்சியா ஆஷர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர், கோல மரபையும் அதனைப் பற்றிய இவ்வாராய்ச்சிகளையும் விளக்கி 2002-ஆம் ஆண்டு ஓர் அமெரிக்க அறிவியல் இதழில் கட்டுரை எழுதினார். நாம் காலால் மிதித்து அழித்துவிட்டுப் போகும் கோலத்தை அவர்கள் எவ்வளவு மதிப்போடு படித்திருக்கிறார்கள்!

கணிப்பொறி கற்பித்த கன்னியர்

கன்னியர் மடத்துப் பள்ளியில் படிக்கும் நாம் தவறாமல் அறிந்திருக்க வேண்டியவர் அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர். அமெரிக்காவில் பிறந்த இவர் 1932-ஆம் ஆண்டு துறவு மடத்தில் சேர்ந்தார். கணிதம் பயின்று ஆசிரியப் பணி செய்தார். டார்ட்மத் கல்லூரியின் கணிப்பொறி மையத்திலும் பணிபுரிந்தார். 1965-ஆம் ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அந்நாட்டில் அத்துறையில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி இவரே. இவருடைய ஆய்வும் கணிப்பொறி உண்டாக்கும் கோலங்களைப் பற்றியது என்பது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

பட்டம் பெற்றதும் இவர் பெரிய தொழில் நிறுவனங்களை நாடிச் செல்லவில்லை. அயோவா மாநிலத்தில் அப்போது பெண்கள் கல்லூரியாக இருந்த கிளார்க் கல்லூரியில் கணிப்பொறி அறிவியல் துறையைத் தொடங்கி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்தினார். கணிப்பொறி அறிஞர்களின் தனிச் சொத்தாக இருக்கக் கூடாது, ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் எல்லார்க்கும் எட்ட வேண்டும் என்பது இவர் கொள்கை. கைக்குழந்தையை வைத்திருக்கும் தாய்மார்களும் குழந்தையோடு வகுப்புக்கு வரலாம் என்று ஊக்குவித்தாராம். 1985-ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்தார். "இது பெண்களுக்கு வருமா?" என்று யாரேனும் கேட்டால், இந்தத் துறவியின் வாழ்வையே நாம் விடையாகச் சொல்லலாம்.

பொழுதுபோக்கு வீண் அன்று

படிப்பு வேறு, பொழுதுபோக்கு வேறு என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது பொழுதுபோக்குதான். கிஃப்ட் சிரோமணியின் வாழ்வு இதற்கு மாறான பாடம் தருகிறது. அவர் பறவைகளைக் கூர்ந்து நோக்கினார். மாமல்லபுரத்துச் சிற்பங்களை நண்பர்களோடு ஆராய்ந்து நூல் வெளியிட்டார். பழைய கல்வெட்டு எழுத்துகளைக் கற்றார். இவை யாவும் புள்ளியியலுக்கு வெளியே உள்ளவை போலத் தோன்றும். ஆனால் அந்த ஆர்வங்களே அவருடைய ஆராய்ச்சியாக மலர்ந்தன. அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணிப்பொறி அடையாளம் காணும் முறையைப் பற்றி 1978-இல் தம் குழுவினரோடு கட்டுரை வெளியிட்டார். திருக்குறளைப் பழங்கால எழுத்து வடிவங்களில் கணிப்பொறியின் துணைகொண்டு எழுதிக் காட்டும் நூல் 1980-இல் வந்தது.

மற்றொரு சான்றும் உண்டு. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம், தம் தொழிலுக்குத் தொடர்பில்லாத தமிழ் இலக்கியத்தின் மீது கொண்ட பற்றால், கணிப்பொறிக்கான தமிழ் எழுத்துரு ஒன்றை உருவாக்கினார். 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் "மதுரைத் திட்டம்" என்ற முயற்சி தொடங்கியது. பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஓய்வு நேரத்தில் ஊதியமின்றித் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் தமிழ் நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றினார்கள். இன்று சங்க நூல்களை யாரும் இலவசமாகப் படிக்க முடிகிறது. கொல்லிப்பாவையைப் பாடிய நற்றிணையும் அவற்றுள் ஒன்று.

நாம் செய்யக்கூடிய முயற்சிகள்

தோழியரே, படித்ததோடு நிறுத்திவிட்டால் பயனில்லை. கீழே உள்ளவற்றுள் ஒன்றையேனும் இவ்விடுமுறையில் செய்து பாருங்கள்.

1. கோல ஏடு. பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா ஆகியோரிடம் ஆளுக்கொரு கோலம் கேட்டு வாங்குங்கள். படத்தை மட்டும் வரையாமல், பக்கத்தில் அதன் நகர்வுகளையும் எழுதுங்கள். "நே" என்றால் நேர், "வ" என்றால் வலம், "இ" என்றால் இடம், "சு" என்றால் சுற்று என்று குறியீடு வைத்துக்கொள்ளலாம். எழுதியதை வேறொருத்தியிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். அதே கோலம் வந்தால் உங்கள் நிரல் சரி.

2. புள்ளிக் கணக்கு. "நேர்ப்புள்ளி, 7 புள்ளியில் தொடங்கி 1 வரை" என்றால் நடுவில் 7. மேலும் கீழும் 5, 3, 1. மொத்தம் 25 புள்ளிகள். 9-இல் தொடங்கினால் 41. 11-இல் தொடங்கினால் 61. இவற்றில் ஓர் ஒழுங்கு ஒளிந்திருக்கிறது. 25 என்பது 9-உம் 16-உம்; 41 என்பது 16-உம் 25-உம்; 61 என்பது 25-உம் 36-உம். அடுத்தடுத்த இரு வர்க்க எண்களின் கூட்டல்! ஏன் அப்படி வருகிறது என்பதைப் புள்ளி வைத்தே கண்டுபிடியுங்கள்.

3. ஸ்கிராட்ச் விண்மீன். கணிப்பொறி அறையில் நமக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. ஆகவே நிரலை முன்கூட்டியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனால், அந்த நேரம் முழுவதும் செய்து பார்க்கவே பயன்படும்.

4. மலை அகராதி. தினை, சாமை, வரகு, கேழ்வரகு என்று நம் மலையில் வழங்கும் தானியப் பெயர்களையும், மூலிகைப் பெயர்களையும் படத்தோடு தொகுத்து, தமிழில் தட்டச்சு செய்து அகர வரிசைப்படுத்துங்கள். தட்டச்சும் வரும், மலையின் அறிவும் அழியாமல் நிற்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். எழுதிய நிரல் முதல் முறையே சரியாக ஓடுவது அரிது. 1947-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 என்ற கணிப்பொறி பழுதுபட்டபோது, திறந்து பார்த்தவர்கள் உள்ளே ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருக்கக் கண்டார்கள். அதனை எடுத்துப் பணிக் குறிப்பேட்டிலேயே ஒட்டி வைத்தார்கள். நிரலில் உள்ள பிழையை இன்றும் "பூச்சி" என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால்தான் அழைக்கிறார்கள். கோலத்தில் ஒரு கம்பி தவறினால் நாம் கோலத்தையே விட்டு எழுந்து போவதில்லை. அந்த இடத்தை மட்டும் விரலால் துடைத்துத் திருத்துகிறோம். அந்தப் பொறுமையும் நமக்குப் பழக்கமானதே.

முடிவுரை

கணிப்பொறிக்கு நிரல் எழுத வேண்டுவன வரிசை அறிவு, ஒழுங்கைக் காணும் கண், பிழை திருத்தும் பொறுமை ஆகியவை. இம்மூன்றையும் நம் தாய்மார் வாசலில் வைத்தே நமக்குக் கற்பித்துவிட்டார்கள். மீதம் உள்ளவை ஆங்கிலச் சொற்கள் சிலவும், இயந்திரத்தோடு பழக வேண்டிய நாள்கள் சிலவும்தாம். அவற்றைக் கற்கலாம், கற்பிக்க நம் அருட்சகோதரிகளும் ஆசிரியைகளும் இருக்கிறார்கள்.

பெற்றோர்களுக்கும் எங்கள் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. எங்களில் சிலருக்குப் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிடுமோ என்ற கவலை இருக்கிறது. எங்களை மேலே படிக்க விடுங்கள். எந்தப் பிரிவில் படிப்பது என்று முடிவு செய்யும்போது, "உனக்கு வருமா?" என்று கேட்பதற்கு முன், நாங்கள் போட்ட கோலத்தை ஒரு கணம் நின்று பாருங்கள். அதில் எத்தனை புள்ளி, எத்தனை திருப்பம், எத்தனை விதி என்று எண்ணிப் பாருங்கள். தாம்பரத்துப் பேராசிரியர்கள் அப்படிப் பார்த்ததனால்தான் ஒரு புதிய கல்வித்துறைக்கே வழி பிறந்தது.

தோழியரே! "வராது" என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடுவோம். கதையில் வரும் பாவை பிறர் இட்ட கட்டளைக்கு அசைந்தது. நாமோ பொறிகளுக்குக் கட்டளை எழுதும் பெண்களாக இம்மலையிலிருந்து புறப்படுவோம். இறைவன் துணை நிற்பாராக!